நடைவழியில் நாற்காலி இல்லை

ஞாயிறு, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான். நான் மேனேஜராக இருக்கும் மண்டபத்தில் இன்று ஒரு தருவைகுளத்துப் பெண்ணுக்குக் கல்யாண வரவேற்பு. கூட்டம் நிரம்பியதும் பெண்ணின் அப்பா, நடுவில் விட்டிருந்த நடைவழியிலும் நாற்காலி போடச் சொன்னார்.

“முடியாது அண்ணாச்சி. ஏதாச்சும் ஆச்சுன்னா சனம் வெளிய போற வழி இது,” என்றேன்.

“ஏளா, என் விருந்தாளி நிக்கணுமா? மொதலாளிட்ட சொல்லி உன்ன வேலைய விட்டே தூக்குதேன்!”

ஆனாலும் நாற்காலி போடவிடாமல் வழியில் நின்றேன். அவர் முறைத்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் மேடை விளக்கின் வயர் புகைந்து, திரைச்சீலை பற்றிக்கொண்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, “நடுவழியா வெளிய போங்க!” என்று கத்தினேன். சக்கர நாற்காலியில் வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார் உட்பட எல்லோரும் அந்த வழியாகவே வெளியேறினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தீயையும் உடனே அணைத்துவிட்டோம்.

வரவேற்பு முற்றத்தில் தொடர்ந்தது. பெண்ணின் அப்பாவே நாற்காலிகளைத் தூக்கி வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

“இங்கன எங்க வழி விடணும்னு நீயே சொல்லும்மா.”

சொன்னேன். அப்படியே போட்டார்.