அக்காவின் மனத்துக்குள் நான்

ஞாயிறு, இரவு.

அத்தானைப் பிரிந்து அக்கா கலும்பாங்கிலிருந்து எங்கள் புக்கிட் பெலிம்பிங் வீட்டுக்கு வந்த நாளைக் கதையாக எழுதியிருந்தேன். இன்று அவளிடமே வாசித்துக் காட்டினேன். 'பஸ்ஸில் வழியெல்லாம் அவள் உள்ளம் அழுதது' என்ற வரியில் என்னை நிறுத்தினாள்.

"அழுதேன்னு ஒனக்கு யாரு சொன்னா? எனக்குப் பசி லா. என் மனசுக்குள்ள நீ எப்படிடி போன?"

சுருக்கென்றது. எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று பெருமைப்பட்டிருந்தேன். அந்தப் பஸ்ஸில் நான் இல்லவே இல்லை.

நாளைக்கே முதல் வரியிலிருந்து மாற்றி எழுதுவேன். அன்று அவளுக்குக் கதவைத் திறந்த தங்கை, 'நான்' என்று சொல்லட்டும். அவள் கண்ணால் கண்டது போதும்: அக்கா இரண்டு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டாள். முடிக்கும்வரை துணிப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.