படத்தில் தெரிந்த கிணறு

அன்புத் தங்கச்சி சிவகௌரிக்கு,

இங்கே ஓர் ஓவியக் கண்காட்சிக்கு நானும் மகன் இளங்கீரனும் மருமகள் நிரூபாவும் போனோம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அங்கே ஒரு படம், இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு யாரோ ஜப்பான்காரர் கீறியதாம். கோடும் சதுரமும் வட்டமும்தான். எனக்கோ அது ஊரில் நம் வீட்டு வளவும், கிணற்றுக்குப் போகும் பாதையுமாகத் தெரிந்தது. “இதுதான் எங்கட கிணறு” என்று படத்தில் விரலை வைத்து நிரூபாவுக்குக் காட்டினேன். காவலாளி ஓடிவந்தான்.

“கையை எடுங்கோ அம்மா! அந்தக் காணியை நான் வித்திட்டன்,” என்று இளங்கீரன் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

“ஆருக்கடா?”

“சித்தப்பாவுக்கு. உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டவர்.”

நான் அழவில்லை. கிணற்றடிக் கறிவேப்பிலையை வெட்ட விடாதே. கொஞ்சம் காயவைத்து அனுப்பு, இங்குள்ளதில் வாசமில்லை.

நிரூபா கூப்பிடுகிறாள், முடிக்கிறேன். மகனை மன்னித்துவிட்டேன், பெற்றவள் அல்லவா. உன் கணவர் நித்தியானந்தனை மன்னிக்க மாட்டேன்.