அழிந்துபோன நிறைகள்

06.03.2000, திங்கள்

கொழும்பிலிருந்து எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்துக்கு உள்ளங்கை அளவில் ஒரு கொம்பியூட்டர் வந்திருக்கிறது. இடம்பெயர்ந்தவர்களின் முகாமுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளைத் தராசில் வைத்து, நிறையை அதிலேயே பதியலாமாம். ஆனால் முதலில் அலுவலகக் கொம்பியூட்டரில் ஒரு மென்பொருளை நிறுவி, அதன் வழியாகப் பிள்ளைகளின் விபரக் கோப்பைச் சின்னதற்குள் ஏற்ற வேண்டும். பொறுப்பாளர் தில்லைநாதன் சேர் பெட்டியை என் மேசையில் வைத்து, "தயாளினி, இனி இது உம்மட பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

07.03.2000

சின்னதன் வயரை அலுவலகக் கொம்பியூட்டரில் செருக இடமில்லை. இருந்த ஒரே துவாரத்தில் மவுஸ். அதைக் கழற்றிவிட்டு, விசைகளை மட்டும் தட்டித் தட்டி நிறுவினேன். இரண்டு தரம் பாதியில் நின்றுபோனது. கடைசியில் கோப்பு ஏறி, சின்னத் திரையில் பெயர்கள் வரிசையாக வந்தபோது கத்தியே விட்டேன். தாதி விமலேஸ்வரி அக்கா ஓடிவந்து, "என்ன, கறன்ற் அடிச்சதோ?" என்றா.

08.03.2000

அக்கா அதை முகாமுக்குக் கொண்டுபோனா. "நீரும் வாருமன்" என்று கேட்டா. தலையிடி என்றேன்.

தலையிடி இல்லை. அந்த முகாமில்தான் அம்மாவும் நானும் இரண்டு வருடம் இருந்தோம். பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. வேலை கிடைத்து வெளியே வந்தபிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இன்னும் அங்கேயே இருக்கிறவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

09.03.2000

எல்லாம் போச்சு.

இரண்டையும் இணைத்ததும், எந்தப் பக்கத்துத் தகவலை வைத்திருப்பது என்று கேட்டது. அலுவலகக் கொம்பியூட்டர் பக்கத்தை அமத்திப்போட்டன். பழைய கோப்பே திரும்ப ஏறி, அக்கா நாள் முழுக்க வெயிலில் நின்று பதிந்த நிறை அவ்வளவும் அழிஞ்சு போச்சு. ஏன் வாசிக்காமல் அமத்தினனான்?

அக்காவிடம் சொன்னேன். அவா கலண்டரைப் பார்த்தா. பிறகு, "பிள்ளையள் அங்கதானே இருக்குதுகள், திரும்ப நிறுப்பம். ஆனா தனிய என்னால ஏலாது. நாளைக்கு நீரும் வாரும்" என்றா.

மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

10.03.2000

போனேன். முன்பு எங்களுக்குப் பக்கத்துக் கொட்டில் வீட்டில் இருந்த சிவலட்சுமி மாமி தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டா. நான் பயந்த கேள்வி ஒன்றும் வரவில்லை. "மெலிஞ்சு போனாய் பிள்ளை. அம்மா சுகமோ?" அவ்வளவுதான்.

பின்னேரம் மாமிதான் என்னைக் கடைசிக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஜெயபுரத்திலிருந்து வந்த பிரேமிளா என்ற பெண் காய்ச்சலில் கிடந்தாள். புதன்கிழமை எழும்ப முடியாததால் குழந்தையை நிறுக்கக் கொண்டுவரவில்லை. இன்றைக்கும் இல்லை. நான் தூக்கிவந்து தராசில் வைத்தேன். முள் அதிகம் ஏறாததைப் பார்த்த விமலேஸ்வரி அக்கா, "வாகனத்தை எடுக்கச் சொல்லும்" என்றா. சேர் வந்து முகாம் அலுவலகத்தில் நின்று பாஸ் வாங்கினார். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில்.

நான் நிறைகளை அழித்திருக்காவிட்டால் நாங்கள் இன்றைக்கு அங்கே போயிருக்க மாட்டோம். அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

11.03.2000

நேற்றைய நிறைகள் எல்லாம் ஏறிவிட்டன.

23.03.2000, வியாழன்

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை என் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பிரேமிளா சிரித்தாள். "நாளைக்கு எங்கள முகாமுக்கு அனுப்புவினமாம். அங்க உங்களைக் காணலாமோ, மிஸ்?"

"ஓம். புதன்கிழமையள் இப்ப நான்தான் நிறுக்கிறனான்" என்றேன்.