செலின் சொல்லாத சொல்

என் மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய ஜெயசீலன் சாருக்கு,

கல்யாணமான நாள்முதல் உங்களைச் சார் என்றே அழைத்துவிட்டேன். இனி மாற்ற முடியாது.

உங்கள் கட்டுரை வெளிவந்துவிட்டது. அரசியல் ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பி, நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே திருத்திய அதே கட்டுரை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி. பக்கத்தின் கீழே, காலமானார் என்று ஒரு சொல். உங்களோடு சேர்ந்து எழுதிய உங்கள் மாணவர் ஷிபு அதைக் கணினியில் காட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அதிக நாள் நிலைக்கவில்லை.

கேரள எல்லையோரம், பொழியூர்க் கரையில் ஒரு பெண் உங்களிடம் சொன்னது நினைவிருக்கிறதா? கடல்சுவர் கட்டித் தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறவர்களின் கொடியைப் பிடித்து நடப்பேன், ஓட்டை மட்டும் எதிராளிக்குப் போடுவேன் என்றார். அவரைக் காப்பதற்காகக் கட்டுரையில் அவருக்குச் செலின் என்று பெயர் வைத்தீர்கள். ஊர்ப்பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று ஒரு மதிப்பீட்டாளர் கேட்டார். ஊர் இல்லாவிட்டால் இது ஆய்வு இல்லை, கதை என்று மறுத்துவிட்டீர்கள்.

அதே கரையில் நிஜமாகவே ஒரு செலின் இருக்கிறார், சார். அந்தக் கட்சிக்காகவே வீடுவீடாக ஏறி இறங்குகிறவர். நீங்கள் ஏன் விசாரிக்கவில்லை?

யாரோ அந்த ஒரு பத்தியை மட்டும் மலையாளத்தில் ஆக்கி வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். பெயர்கள் மாற்றப்பட்டவை என்ற அடிக்குறிப்பு அதில் இல்லை. கட்சிக்காரர்கள் செலினைக் கூட்டங்களுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் நம் வீட்டைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சாரு என்னைக் கண்டதே இல்ல, டீச்சரே. பின்னே எனக்க பேரு எப்படி அதுல வந்துது?”

அடிக்குறிப்பைக் காட்டி விளக்கினேன். குனிந்து அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தார்.

“இத்திப்போல எழுத்துல அடியில போட்டா ஆரு வாசிப்பா? எனக்க மாப்பிள கூட நம்பேல. நீ ஆருக்குடி ஓட்டு குத்தினேன்னு கேக்குதாரு.”

கான்வென்ட் சிஸ்டர்மார் கற்றுத்தந்த ஆங்கிலத்தில் இதழாசிரியருக்கு எழுதினேன். கண்ணியமான பதில் வந்தது. அடிக்குறிப்பு இருக்கிறது, கட்டுரையில் பிழை இல்லை, ஆகவே திருத்தம் வெளியிட வழியில்லை.

பிறகு, உண்மையில் அதைச் சொன்ன பெண்ணைப் பார்க்க ஷிபு என்னை அழைத்துப் போனார். சொன்னது நான்தான் என்று அவர் ஒத்துக்கொண்டால் செலின் தப்பிவிடுவாரே என்று கேட்டேன். முடியாது என்றார். காரணமும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். அவர் வயதையும் வீட்டையும்கூட எழுதமாட்டேன். அச்சில் வரப்போகும் இந்தக் கடிதத்தை ஊரும் வாசிக்கும். கடைசியாக அவர் சொன்னதை மட்டும் எழுதலாம்.

“சாரு வாக்கு தந்ததாக்கும்.”

ஆம், தந்தீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கரையில் பெண்கள் குழு கூடிய நாளில் செலினோடு போனேன். அந்த அடிக்குறிப்பை மலையாளத்திலும் தமிழிலும் வாசித்தேன். யாருக்கும் முகம் தெளியவில்லை. உங்களைப் பற்றி என் கூடப்பிறந்தவர்களிடம்கூட ஒரு குறை சொல்லாதவள் நான். அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: “தப்பு எங்க சாருக்கதாக்கும். செலினுக்கதில்ல.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அப்ப சொன்னது ஆரு, டீச்சரே? அதையும் சொல்லிட்டுப் போங்க” என்றாள். சிரித்தார்கள்.

“எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்பதையும் நான் எழுதப்போவதில்லை.

சிலர் நம்பினார்கள். சிலர் இன்னும் நம்பவில்லை. செலினைக் கட்சிக்காரர்கள் மறுபடி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்களாம், ஆனால் பேசச் சொல்லவில்லையாம். தன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதச் சொன்னவரும் அவர்தான். “நல்லா கொட்டையா எழுதணும் டீச்சரே, அடியில கொண்டு போட்டிராதீங்க.”

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா? இருக்கிறது. ஒரு பெண்ணை மறைக்க அவ்வளவு கவனமாக இருந்த நீங்கள், இன்னொருத்தி வெளிச்சத்தில் நிற்பதை எப்படிப் பார்க்காமல் போனீர்கள்? உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கூட்டத்துக்கு நீங்களே போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிவிட்டுப் போகிறேன்.

செலின் என்ற பெயரை எடுத்துவிட்டு, ஒரு பெண் என்று மட்டும் போடச்சொல்லி ஷிபுவும் நானும் மறுபடி எழுதியிருக்கிறோம். போடும்வரை எழுதுவேன். வயதானால் நாக்கு கட்டுக்கு நிற்காது என்பார்கள். என் நாக்கு நிற்கும், சார். நீங்கள் மறைத்த அந்தப் பெயர் என் வாயிலிருந்து வராது.

உங்கள் கைப்பிடித்தவள்,
மேபல்
பாறசாலை