எட்டாவது வரி

அருமை மகள் நஜ்வாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் இறைவன் கருணையால் எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் அந்தக் குவைத் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதே ஐந்து வேளையும் எங்கள் துஆ. கையெழுத்தைப் பார்த்து இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று யோசிக்காதே, நான்தான். எழுபத்தோரு வயதில் உன் அப்பன் எழுதும் முதல் கடிதம். ஐந்து நாளாக எழுதுகிறேன், காலையில் உட்கார்ந்தால் நண்பகல் பாங்கு சொல்வதற்குள் அரைப் பக்கம் வருகிறது, ஆனால் அந்த அரைப் பக்கத்தைப் பார்க்கும்போது நானே அறுத்து அடுக்கிய கல்லைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், தெருவே கேட்கிறது. இது உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, நீ அனுப்பிய களிம்பைத் தனக்குத் தடவாமல் நொண்டி ஆட்டுக்குத் தடவினாள், ஆடு ஓடுகிறது, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நீ சொன்னால் கேட்பாள், சொல்.

எழுத்தறிவு வகுப்பில் நான் சான்றிதழ் வாங்கியது உனக்குத் தெரியும். அதோடு போதும் என்று மற்றவர்கள் நின்றுவிட்டார்கள், நானும் புறா வளர்க்கும் ஹாஜி கஸாலியும் இன்னும் இரண்டு பேரும் மேலே படிக்க வேண்டும் என்று அப்லா ரஷாவிடம் கேட்டோம். எங்கள் டீச்சருக்கு இருபத்துமூன்று வயது, என் பேத்தி மாதிரி, ஆனாலும் அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் நாங்கள் நால்வரும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிடுகிறோம். போன மாதம் செயப்பாட்டு வினை நடத்தினாள். காவலன் கதவைத் திறந்தான் என்று சொல்லாமல் கதவு திறக்கப்பட்டது என்று சொல்வது. நம் அரபு எழுத்தில் அதற்கு வினையின் முதல் எழுத்துக்கு மேலே ஒரு சின்ன வளைவு போட்டு, அடுத்த உயிரை மாற்றினால் போதும், திறந்தவன் வாக்கியத்தைவிட்டே இறங்கிப் போய்விடுகிறான். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. கஸாலி எழுந்து, "எங்க வீட்டுல நேத்து மூடி வெச்சிருந்த வாத்துக்கால் தின்னப்பட்டது அப்லா. தின்னவன் யாருன்னு சொல்ல வேண்டியதில்லல்ல? இத நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தா எம்பொண்டாட்டிகிட்ட எத்தன ஏச்சு மிச்சமாயிருக்கும்!" என்றார். அப்லாவே பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வீட்டில் இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தேன், தேநீர் ஊற்றப்பட்டது, கோழி அடைக்கப்பட்டது என்று. உன் அம்மா, "ஊத்துனது யாருன்னு சொல்லக்கூடாதாம்ல, அப்ப கழுவுறதும் யாரோ கழுவட்டும்" என்று குவளையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தேன் நஜ்வா. அதை ஏன் சொல்கிறேன் என்றால் அதற்குப் பிறகு அது இல்லை.

வீட்டில் கிடக்கும் ஏதாவது பழைய காகிதத்தைத் தேடி, செய்தவன் பெயர் இல்லாத வாக்கியங்களுக்கு அடியில் கோடு போட்டுக் கொண்டுவரச் சொன்னாள் அப்லா. நான் தகரப் பெட்டியைத் திறந்து, குவாரியில் என்னோடு கல் அறுத்த ஹசபல்லா செத்தபோது போலீஸில் எழுதிய காகிதத்தை எடுத்தேன். நான் சாட்சி சொன்ன காகிதம், வழக்கு நிற்காது என்று மட்டும் சொல்லி, அவன் மனைவி உம்மு ஈதின் வக்கீல் அதன் நகலை என்னிடம் கொடுத்தார், நினைவிருக்கும். வேறு காகிதம் இல்லாமலா, நிறைய இருந்தது, ஆனால் ஹசபல்லாவுக்காக நான் பேசிய பேச்சை என் கண்ணாலேயே வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இயந்திரம் நிறுத்தப்பட்டது. வாளில் கல் சிக்கியிருப்பது கண்டறியப்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மின்சாரம் செலுத்தப்பட்டது. வரிசையாக ஏழு வரிக்கு அடியில் கோடு போட்டேன், கஸாலியை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். எட்டாவது வரியில் கோடு போட முடியவில்லை, அதில் ஆள் இருந்தான். ஹசபல்லா ஷிஹாத்தா, தடுத்தும் கேளாமல், மின்சாரத்தைப் போடும்படி தானே சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அடுத்த வரி, இதை நேரில் பார்த்ததாகக் கலஃப் அப்துந்நயீம் சொன்னார். அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

எழுத்துக்கூட்டித்தானே வாசிக்கிறோம், தப்பாக வாசித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு நான்கு முறை வாசித்தேன். மகளே, நான் பார்த்தது உனக்குத் தெரியும். ஹசபல்லா குனிந்து கல்லை எடுத்துக்கொண்டிருந்தான், முதலாளி மகன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "லாரி நிக்குது, என்னடா உக்காந்து கத பேசிட்டு இருக்கீங்க" என்று கத்திக்கொண்டே அவனே மின்சாரப் பிடியை இழுத்துவிட்டான். அதைத்தான் ஸ்டேஷனில் எழுதுகிறவனிடம் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை குறைக்கவில்லை. ஆனால் ஒன்றை உன்னிடம் கூடச் சொன்னதில்லை. எழுதி முடித்துவிட்டு அவன், "வாசிச்சுக் காட்டவா, மாமா?" என்று கேட்டான். வெளியே குவாரி லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அதை விட்டால் மலைக்கு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். "எழுதுன உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி விரலை நீட்டினேன். வாசித்துக் காட்டியிருந்தால் அவன் வேறு ஏதாவது வாசித்திருப்பான், அதுவும் எனக்குத் தெரிகிறது இப்போது. இருந்தாலும் நான் கேட்கவில்லையே.

பிறகு அந்த நகலை நீ வாசித்தாய். உனக்கு அப்போது பதினொரு வயது, வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நீ ஒருத்தி. வாசிக்கத் தெரியாதவனுக்குக் கேட்டது மறக்காது, அன்று நீ வாசித்தது வார்த்தை மாறாமல் எனக்குள் இருக்கிறது. நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்டாய், அம்மா கொண்டுவந்தாள், குடித்தாய். அப்புறம், முதலாளி மகன் பிடியை இழுத்தான் என்று வாசித்தாய். அது காகிதத்தில் இல்லை நஜ்வா. நான் சாப்பிடும்போது அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டாய். காகிதத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து வாசித்திருக்கிறாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, சத்தியமாக இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும். இருபத்துநான்கு வருடம் இதை வைத்துக்கொண்டுதான் நீ ஒவ்வொரு பெருநாளுக்கும் உம்மு ஈத் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுதாயா, நான் திமிர் என்று நினைத்து ஒரு முறை அடித்தேனே, அதை மன்னித்துவிடு.

ஆனால் உம்மு ஈதை என்ன செய்வது. உண்மை காகிதத்தில் இருக்கிறது, சட்டம்தான் கண்டுகொள்ளவில்லை என்று நான் அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஊரில் எல்லாரும் ஹசபல்லா கவனமில்லாமல் செத்தான் என்று பேசினார்கள், அவன் மகன் ஈத் அதைக் கேட்டே வளர்ந்தான், அவள் மட்டும், "கலஃப் அண்ணே ஒருத்தராவது உள்ளத உள்ளபடி சொன்னாரு" என்று பெருநாள் பிஸ்கட்டின் முதல் தட்டைத் தன் கூடப்பிறந்தவர்களுக்குக் கூடக் கொடுக்காமல் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது தெரிகிறது. என் விரலிலிருந்து. வகுப்பில் காகிதம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை, உன் அம்மா பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தாள். பத்தாம் நாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "வாங்கண்ணே, படிச்சவங்கள்லாம் நம்ம வீட்டுக்கு வர்றீங்க" என்று சிரித்தாள். ஹசபல்லா காகிதத்தை வாசிக்க வந்திருக்கிறேன் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாசித்தேன், எதையும் விடவில்லை. எட்டாவது வரி முடிந்ததும், "மறுக்கா வாசிங்க" என்றாள். வாசித்தேன். மூன்றாவது முறையும் வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். ஹாரன் அடித்ததையும் சொன்னேன். எழுந்து மாவுத் தட்டை மூடினாள். அப்புறம், "எம்புருஷனக் கொன்னது அவனுங்க. அவர் பேரக் கொன்னது நீ" என்றாள். என் வாழ்நாளில் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

புதிதாக ஒரு தாளில் நடந்ததை நானே எழுதினேன், இழுத்தது யார், கத்தியது யார், எழுதியது யார், வாசிக்க வேண்டாம் என்றது யார், எல்லாருக்கும் பெயர் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த தம்பி நல்ல பிள்ளை, நாற்காலி போட்டான். "இருவத்துநாலு வருஷத்துக் கேஸா? அதெல்லாம் எப்பவோ எலி தின்னுருக்கும் ஹாஜி. முதலாளியும் போயிட்டாரு, மகனும் போயிட்டாரு, நீங்க யார் மேல எழுதிக் குடுக்கறீங்க?" என்றான். வாங்கிக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. கொன்ற வீட்டார் பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணியைக் கைகளில் ஏந்திக்கொண்டு போய் இறந்தவன் வீட்டு வாசலில் நின்றால் பழி தீர்ந்தது என்று நம் பக்கத்தில் ஏற்றுக்கொள்வார்களே, அதைச் செய்தேன். எனக்கென்று உன் அம்மா எடுத்து வைத்திருந்த துணியையே எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், தெரு பார்க்க நடந்து போய் ஈத் முன்னால் நின்றேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இது கொன்னவங்ககிட்ட வாங்கறது. நீங்க எங்கப்பாவக் கொல்லல. உங்ககிட்ட வாங்குறதுக்கு எங்க வழக்கத்துல ஒண்ணும் இல்ல பெரியப்பா, வீட்டுக்குப் போங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதுதான் மகளே. கொடுக்கலாம் என்று கொண்டுபோனதை வாங்க ஆள் இல்லை. இருட்டில் இருந்த வரைக்கும் நான் ஊரில் நல்ல மனிதன். படிக்காமலே போயிருக்கலாம் என்று ஒரு நாள் நினைக்கிறேன், படித்ததால்தானே அவளுக்கு ஹசபல்லா மேல் பழி எப்படி வந்தது என்றாவது தெரிந்தது என்று மறுநாள் நினைக்கிறேன், இரண்டிலும் மனம் நிற்கவில்லை. வகுப்புக்கு மட்டும் போகிறேன், வீட்டில் இருக்க முடியவில்லை. கஸாலி நான் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைகளை ஏசியின் கீழே படுக்க வைக்காதே, பெரியவளுக்கு எழுத்துப் பிழை வந்தால் கையில் அடிக்காதே. ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளாத அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், உன்னிடம் இருக்கட்டும். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும், உன் பிள்ளைகள் உன்னிடம் எதையும் மறைக்க வேண்டிய நிலை வராமல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே. கோடை விடுமுறைக்கு வரும்போது உம்மு ஈதைப் பார்க்க நீ போவாய், உன்னை எனக்குத் தெரியும், போ, அவள் கையை முத்தமிடு. ஆனால் எனக்காக ஒரு வார்த்தை பேசாதே.

இப்படிக்கு
உன் அப்பன்
கலஃப் அப்துந்நயீம்