செல் துண்டென்று நம்பிய கட்டி

12.02.2024, திங்கள்

நெல்மூட்டை நகர்த்தும்போது இடது மார்புக் கட்டி மறுபடி நொந்தது. இரண்டு வருடமாகச் சொல்கிறேன். இவர் இன்றைக்கும் அதையேதான் சொன்னார்: "அது செல் துண்டு. இடம் மாறியிருக்கும். நீர் பேசாம இரும்." உடையார்கட்டில் 2009 சண்டையில் செல், அதுதான் எறிகணை, வெடித்துப் பட்ட இரும்புத் துண்டொன்று உடம்பில் அந்தப் பக்கம் கிடப்பது உண்மைதான். எங்கள் ஊரில் உடம்பில் எது தட்டுப்பட்டாலும் அதற்கு ஒரே பெயர். நானும் நம்பினேன். நம்புவது வசதி.

24.02.2024

நெளுக்குளத்திலிருந்து தங்கச்சி சுமித்திரா வந்தாள். தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"துண்டு வளருமே அக்கா?"

நானும் தொட்டுப் பார்த்தேன். முன்னையைவிடப் பெரிசுதான்.

04.03.2024

சுமித்திராதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உடம்பில் இரும்பு இருப்பதால் காந்த ஸ்கான் செய்ய முடியாதாம். தசையின் இறுக்கத்தை ஒலி அலையால் அளக்கிற ஸ்கான்தான் செய்தார்கள். குளிர்ந்த ஜெல் பூசி, கருவியை மெல்ல வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார் அந்த இளம் பெண் டொக்டர். திரையில் சுற்றிலும் நீலம். கட்டி மட்டும் சிவப்பு.

"இறுக்கமான இடத்தில அலை வேகமா ஓடும். சுத்தியுள்ள தசை பதினைஞ்சு காட்டுது. இது நூற்றிநாப்பது."

"அப்ப செல் துண்டு?"

"அது கீழ, விலாவோட கிடக்கு. அது வேற, இது வேற."

பாவம், சும்மா கிடந்த துண்டின்மேல் பழியைப் போட்டிருக்கிறோம்.

05.03.2024

இவரோடு கதைக்கவில்லை.

15.03.2024, வெள்ளி

ஊசி குத்தி எடுத்த தசையின் முடிவு வந்தது. புற்றுநோய்.

இன்று இவரும் வந்தார். "எவ்வளவு காலமா இருக்கு?" என்று டொக்டர் கேட்க, நான் வாய் திறக்குமுன் இவர், "ரெண்டு மாசமா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நான் ஏன் பேசாமல் இருந்தேன்? நாலு பேர் முன்னால் புருசனை விட்டுக்கொடுக்கக் கூடாதாம் — எந்த நாய் படிப்பித்தது எனக்கு?

28.04.2024, ஞாயிறு

மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளிலும் பரவியிருந்ததாம்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இவர், "உடன காட்டினதால தப்பினா" என்கிறார். இன்று பக்கத்து வளவு அன்னபாக்கியம் அக்கா வந்தார்.

"எனக்கும் நெஞ்சில ஒண்டு கிடக்குப் பிள்ளை. அது செல் துண்டுதான், பயமில்லை."

இவர் தலையாட்டினார். இப்போதும் தலையாட்டினார்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசமில்லை, ரெண்டு வருசம்," என்றேன். "துண்டெண்டு இவர்தான் சொன்னவர். நானும் கேட்டுக்கொண்டு இருந்தனான். நாளைக்கே சுமித்திராவோட போய்க் காட்டுங்கோ."

அக்காவின் கை மெல்ல மார்புக்குப் போனது. இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குப் பாவமாக இல்லை.