எந்த நயினார்?

நேற்று மாலை என் பல் ஆஸ்பத்திரிக்குள் மோட்டார் காயில் கருகிய வாசனை வந்தது. நீதான் வந்துவிட்டாய் என்று நிமிர்ந்து பார்த்தேன். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தளவானூர்க்காரர் ஒருவர், எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைத் தோளில் சுமந்தபடி நின்றிருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் யாரோ வழி காட்டிய லட்சணம்.

உனக்குத் தெரியாததா? செஞ்சியில் "நயினார்" என்று கேட்டால், "எந்த நயினார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். மண்டி நயினார், வக்கீல் நயினார், போட்டோ நயினார், பல் நயினாராக நான், மோட்டார் நயினாராக நீ. இதில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம்கூட இல்லை. நமக்கே பள்ளிக்கூட பெஞ்சைத் தவிர வேறு உறவு கிடையாது. "நம்ம பேர வச்சே ஒரு ஊர நடத்தலாம்டா, போலீசு ஒன்னுதான் கொறையுது" என்பாய். மண்டி நயினாரின் பேரன் போன மாதம் போலீஸில் சேர்ந்துவிட்டான். அந்தக் குறையும் தீர்ந்தது.

பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புதான். வெறுமனே "நயினார்" என்று விசாரித்து, நேராக உன் கடைக்கு வந்துவிட்டார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சமணர்களான நம் வீடுகளில் இருட்டிய பின் யாரும் சாப்பிடுவதில்லையே. நீ யார் எவர் என்று கேட்கவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த உன் வீட்டில் இலை போட்டுவிட்டாய். கிரீஸ் போகாத கையோடு நீ ஓடி ஓடிப் பரிமாற, பெண்ணின் மாமா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாராம்:

"பல்லு டாக்டர்னு சொன்னாங்களே தம்பி, இன்னா இது?"

பொய் சொல்லிப் பெண் கேட்கிறோம் என்று நினைத்து அவருக்கு முகமே மாறிவிட்டதாம்.

"ஐயோ, அது அவன். நான் மோட்டாரு" என்று சொல்லி, நீயே அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தாய்.

அதற்குள் விளக்கு ஏற்றியாகிவிட்டது. அம்மா காலையிலிருந்து சமைத்ததை ஒருவரும் தொடவில்லை. அவள் உன்னை முறைத்த முறைப்பு! இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்றே நினைத்தேன். கடைசியில் பெண்ணின் மாமா சொன்னார்.

"ஆளு யாருன்னே கேக்காம சோறு போட்டாரு. இவரு இந்தப் புள்ளைக்குக் கூட்டாளின்னா, தாராளமா பொண்ணு குடுக்கலாம்."

அடுத்த தையில் கல்யாணம். பந்தி விசாரிக்க அம்மா உன்னைத்தான் கூப்பிட்டாள்.

நேற்றும் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. உன் கடையை இப்போது உன் மகள் நடத்துகிறாள். மோட்டாரை அப்புறம் அவளிடம் அனுப்பிக்கொள்ளலாம். மாடியில் எங்கள் வீட்டில் என் மனைவி தளவானூர்க்காரருக்கும் சேர்த்து இலை போட்டுவிட்டாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நயினார் இருக்காருங்களா?"

"இருக்காரு. மொதல்ல கையக் கழுவுங்க" என்றேன்.